ஆனித் தேரோட்டப் பதிவை எம்பி4 கோப்பாக மாற்றுதல்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பழைய கேம்கார்டரில் எடுத்தவர்கள், மெமரி கார்டைக் கணினியில் செருகியதும் எம்டிஎஸ் என்று முடியும் கோப்புகளைக் காண்பார்கள். இது 2006இல் சோனியும் பானசோனிக்கும் அறிவித்த ஏவிசிஎச்டி வடிவம். இதன் படம் எச்.264 முறையில் சுருக்கப்பட்டது. எம்பி4 அதை அப்படியே ஏற்கும் என்பதால், படத்தை மறுபடி சுருக்கித் தரத்தை இழக்காமல் உறையை (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் கோப்பு வடிவத்தை) மட்டும் மாற்றினாலே போதும்.

முதலில் கார்டின் முழுக் கோப்புறையையும் நகலெடுங்கள். நீண்ட பதிவைக் கேமரா பல துண்டுகளாக்கி வைக்கும்; கோப்புகளைத் தனித்தனியே பொறுக்கி ஒட்டினால், வடம் பிடித்துத் தேர் அசையும் அந்த நொடியிலேயே ஒலி அறுந்துபோகக்கூடும். பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்திற்குக் 'காப்பி' என்றும் ஒலிக்கு ஏஏசி (பரவலாக ஏற்கப்படும் ஒலிச் சுருக்க முறை) என்றும் குறிப்பிடுங்கள். ஏனெனில் இந்தக் கோப்புகளில் பொதுவாக உள்ள டால்பி ஏசி-3 ஒலியைச் சில கைப்பேசிகள் வாசிப்பதில்லை.

தேர்ச் சக்கரத்தின் விளிம்பில் சீப்புப் பற்களைப் போலக் கோடுகள் தெரிந்தால், அது 1080ஐ எனப்படும் பதிவு: ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் நொடியில் 50இல் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. இதற்கு மட்டும் மறுசுருக்கம் தேவை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், இந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் வடிகட்டியை 'பாப்' முறையில் (ஒவ்வொரு வரித் தொகுதியையும் தனிச் சட்டகமாக்கும் முறை) வைத்து, நொடிக்கு 50 சட்டகங்களாக, ஆர்எஃப் 18 அளவில் (எண் குறையக் குறையத் தரம் கூடும்) மாற்றுங்கள். அசைவின் இயல்பு கெடாமல் இருக்க இதுவே நல்ல வழி.

பதிவு மினிடிவி (MiniDV) எனும் சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்டில் இருந்தால், கேமராவைக் கணினியோடு இணைக்க ஃபயர்வயர் என்ற கம்பி இணைப்பு வேண்டும். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும். நாடாவில் வெண்பூஞ்சை தெரிந்தால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். எந்த வடிவமானாலும் மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில் வைத்திருங்கள்.