குரௌடானா கயோகரா: சண்டை போடுவதற்கு முன்னால் செய்கிற தவறுகள்

லீவு விட்டால் அக்கா மகன் குளச்சலில் இருந்தும் தங்கச்சி மகன் குலசேகரத்தில் இருந்தும் நாகர்கோவிலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்த அரை மணி நேரத்தில், ஜப்பானிய வீடியோ விளையாட்டான போகிமானில் வரும் கற்பனை உயிரினங்களைப் பற்றிய சண்டை தொடங்கிவிடும். நிலத்தை விரித்த குரௌடான் நல்லதா, கடலைப் பெருக்கிய கயோகர் நல்லதா என்பதுதான் வழக்கு. நடுவர் நான். 2002இல் ரூபி, சஃபயர் என்ற போகிமான் விளையாட்டுகள் வந்தபோது எனக்கும் இவர்கள் வயதுதான் என்பது என் தகுதி.

கடற்கரைப் பையன் கடலின் பக்கம் நிற்பான் என்றுதானே நினைப்போம். இங்கே நேர்மாறு. "கயோகர் கள்ளன் மாமா, சும்மா கெடக்குற கரையைப் பிடுங்க வருது" என்பான் குளச்சல்காரன். ஆனி ஆடியில் அலை தெருவுக்குள் வருவதைப் பார்த்து வளர்ந்தவன். கரையைக் காக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போடுவதைப் பார்த்தவனுக்கு, நிலத்தை நீட்டும் குரௌடான் சாமி மாதிரி. குலசேகரத்துக்காரனின் அப்பா பால்வெட்டுக்குப் போகிறவர். மழை பெய்தால் ரப்பரில் வெட்டு கிடையாது, அப்பா வீட்டில் இருப்பார். அதனால் மழையைக் கொண்டு வரும் கயோகர் அவனுக்கு உயிர்.

முதல் தவறு இதுதான். நமக்கு வேண்டியதை அந்த உயிரினத்தின் நோக்கம் என்று எடுத்துக்கொள்வது. இதில் வேடிக்கை, விளையாட்டுக்குள் இருக்கும் போகிமான் குறிப்பேடான போகிடெக்ஸ் இரண்டு பேரையும் ஏமாற்றிவிடுகிறது. வெள்ளத்தில் தவித்த மக்களை வெயிலால் காப்பாற்றியது குரௌடான் என்று ஒரு குறிப்பு. வறட்சியில் வாடியவர்களை மழையால் காப்பாற்றியது கயோகர் என்று இன்னொரு குறிப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் நம் மாவட்டத்தில் ஐப்பசியில் ஒன்றையும் பங்குனியில் மற்றொன்றையும் கும்பிடலாம். காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துத்தான் அவை அப்படிச் செய்தனவா என்பது வேறு கேள்வி. குரௌடான் வந்தால் வெயில் அடிக்கும், கயோகர் வந்தால் மழை பெய்யும். அது அவற்றின் இயல்பு. காப்பாற்றப்பட்டவர்கள் சொன்ன கதையைத்தான் போகிடெக்ஸ் எழுதி வைத்திருக்கிறது.

நம் ஊரிலேயே பார்க்கலாம். கோகர்ணத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் உள்ள நிலம், பரசுராமர் மழுவை எறிந்ததும் கடல் விலகிக் கொடுத்தது என்று ஒரு கதை. பாண்டியன் வேல் எறிந்த பகை பொறுக்காமல் கடல் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் விழுங்கியது என்று சிலப்பதிகாரம். ஒரு கதையில் கடல் பயந்தாங்கொள்ளி, மற்றதில் வன்மம் வைத்திருப்பது. எறிந்ததும் மனிதன், காரணம் சொன்னதும் மனிதன். கடலை யாரும் கேட்கவில்லை.

அடுத்த தவறு, எழுப்பிவிட்டவனின் ஆசையை எழுந்ததன் மேல் ஏற்றுவது. விளையாட்டுக் கதையில் நிலத்தைப் பெருக்க நினைத்தது டீம் மாக்மா என்ற கூட்டம். கடலைப் பெருக்க நினைத்தது டீம் அக்வா. இரண்டு கூட்டமும் தூங்கிக் கிடந்ததைத் தட்டி எழுப்பின. எழுந்தது கைமீறிப் போனதும் இரண்டு தலைவர்களும் கதிகலங்கி நின்றார்கள். குரௌடான் மாக்மாவுக்கு வேலை பார்க்க வந்ததாக ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் வாதத்தில் மட்டும் "குரௌடானுக்கு உலகத்தை ஆளணும்" என்று வந்துவிடும். யாருடைய வாயில் இருந்து வந்த வரி அது என்று ஒரு தடவை கேட்டால் பாதி வழக்கு அங்கேயே முடியும்.

விளையாட்டு, டிவி தொடர், திரைப்படம் மூன்றையும் ஒரே சாட்சியாகக் கலப்பதும் வழக்கமாக நடக்கிறது. விளையாட்டுக்குள்ளேயே கதை மாறியிருக்கிறது. 2002இல் இவை நிலத்தையும் கடலையும் விரித்து மோதிக்கொண்ட பழைய பகையாளிகள். 2004இல் எமரால்டு விளையாட்டு வந்தபோது ரேக்குவாசா என்ற மூன்றாவது போகிமான் வானத்தில் இருந்து இறங்க, இரண்டும் சண்டையை விட்டுப் போய்விட்டன. 2014இல் வந்த மறு ஆக்கத்தில், ஆதிகாலத்தில் இயற்கை ஆற்றலுக்காகத்தான் மோதின என்று காரணம் வேறாகிவிட்டது. அப்படியானால் அது பசி மாதிரி ஒன்று. ஒருவன் 2002ஐ வைத்தும் மற்றவன் 2014ஐ வைத்தும் பேசினால் இரண்டு பேரும் சரியாகச் சொல்லிக்கொண்டே விடிய விடியச் சண்டை போடலாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் டயால்கா, பால்கியா என்ற இரண்டு போகிமான்கள். 2007இல் வந்த படத்தில் காலத்தின் அதிபதியும் வெளியின் அதிபதியும் ஒரு ஊருக்கு மேலே மோதுகின்றன. ஊர்க்காரர்கள் பழியை டார்க்ராய் என்ற போகிமான் மேல் போடுகிறார்கள். கறுப்பாக இருக்கிறது, கெட்ட கனவு தருகிறது, வேறென்ன சாட்சி வேண்டும்! அது "வராதே" என்று மிரட்டியது தங்களைத்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஊருக்குள் நுழைந்த பால்கியாவைப் பார்த்துச் சொன்னது. டார்க்ராய் அந்த ஊரைக் காக்கவே நின்றது. கதைக்குள் இருக்கும் ஒரு ஆள் சொல்லிவிட்டான் என்பதற்காக நாமும் நம்பினால் அந்த ஊர்க்காரர்கள் மாதிரிதான் ஏமாறுவோம்.

சரி, அந்த இரண்டும் ஏன் மோதின? அந்தப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் "பொறாமை", "அதிகாரப் போட்டி" என்று ஏதாவது சொல்வார்கள். 2008 படத்தில் கிராட்டினா என்ற இன்னொரு போகிமான் டயால்கா மேல் பாய்கிறது. அந்த மோதலால் தன் தலைகீழ் உலகம் நஞ்சாகிப் போனதுதான் அதன் கோபம். 2009 படத்துக்கு வந்தால்தான், ஆர்சியஸ் என்ற போகிமான் விழித்தெழுந்ததால் உலகங்கள் குலைந்து இவை மோத நேர்ந்தது என்று தெரிகிறது. ஒரு சண்டைக்குக் காரணம் இரண்டு படம் தள்ளிக் கிடைக்கிறது. குளச்சல்காரனுக்கு இதைக் கள்ளக்கடலை வைத்துத்தான் சொன்னேன். காற்று இல்லை, மழை இல்லை, திடீரென்று கடல் ஏறும். அதற்குத்தான் நம் ஆட்கள் கள்ளன் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அலை கிளம்பியது எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கடைசியில் அடித்த ஒரு புயலில். நம் கரையில் நின்றுகொண்டு காரணம் தேடினால் கிடைக்காது. அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. கயோகரைக் கள்ளன் என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

டப்பிங்கை நம்புவதில் உள்ள ஆபத்து தனி. 1998 படத்தில் மியூவும் அதன் நகலாக உருவாக்கப்பட்ட மியூடூவும் மோதும்போது மியூ சொல்வதை, மனித மொழி பேசும் மியாவ்த் என்ற போகிமான் மொழிபெயர்த்துச் சொல்லும். ஆங்கிலத்தில், சக்தியைக் காட்டுவது பெரிதல்ல, உண்மையான பலம் மனதில் இருந்து வருகிறது என்ற பொருளில் மியூ பேசும். ஜப்பானிய மூலத்தில் அப்படி இல்லை. சக்தியை வைத்துவிட்டு உடம்போடு உடம்பு மோதினால் அசல் நகலிடம் தோற்காது என்கிறது. முதலாவது சாந்தமான சாமியார். இரண்டாவது, அசல் என்ற திமிர் பிடித்த பூனைக்குட்டி. மியூ நல்லதா கெட்டதா என்று வாதிடுகிறவர்கள் எந்த மொழியில் பார்த்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நானே பல வருஷம் ஆங்கில மியூவுக்கு வக்கீலாக இருந்தவன்.

எல்லா ஜோடியையும் ஒரே தராசில் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரெஷிராம், ஜெக்ரோம் என்று இன்னொரு ஜோடி. ரெஷிராம் உண்மைக்கும் ஜெக்ரோம் இலட்சியத்துக்கும் துணை. ஒரே டிராகனாக இருந்து, இரட்டை நாயகர்களின் கருத்து வேறுபாட்டில் இரண்டாகப் பிரிந்தவை. குரௌடானுக்குப் பேசுவது போல இவற்றுக்கு நிலமா கடலா என்று பேச முடியாது.

ஆனாலும் போன மே மாதம் அதுதான் நடந்தது. ஜெக்ரோம் வில்லன் என்று ஒருவன், ரெஷிராம் வில்லன் என்று மற்றவன், சாப்பாட்டுத் தட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆறும் வரை. 2011இல் அந்தக் கதையை இரண்டு படமாக எடுத்து வெளியிட்டார்கள். ஒன்றில் கதாநாயகன் ஆஷுடன் ரெஷிராம், எதிரே ஜெக்ரோம். மற்றதில் இரண்டும் இடம் மாறி நிற்கும். குளச்சல்காரன் பார்த்தது ஒன்று, குலசேகரத்துக்காரன் பார்த்தது மற்றொன்று.