மறதி நோய்க்கான பேட்ச்: புதியதை ஒட்டுமுன் பழையதை உரியுங்கள்

அம்மாவுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய். தோலில் தினமும் ஒன்று ஒட்டும் ரிவாஸ்டிக்மின் மருந்துப் பேட்ச் தொடங்கிய இரண்டாம் வாரம், ஒருநாள் ஓயாத வாந்தி. புடவை மாற்றும்போதுதான் பார்த்தேன்: முதுகில் ஒன்று, தோள்பட்டைக்குக் கீழே இன்னொன்று. நான் ஒட்டியது தெரியாமல் தங்கையும் ஒட்டியிருந்தாள். இரண்டையும் உரித்துவிட்டு மருத்துவரை அழைத்தோம். அடுத்த 24 மணி நேரம் எதுவும் ஒட்டக்கூடாது என்றார். ஒன்றுக்கு மேல் ஒட்டியதால் உயிரிழந்தவர்களும் உண்டு என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

இந்த மருந்து நோயைக் குணப்படுத்தாது. அறிகுறிகளைச் சிலருக்குச் சற்றே மட்டுப்படுத்தும். வழக்கமாக 4.6 மி.கி. பேட்சில் தொடங்கி, குறைந்தது நான்கு வாரம் கழித்தே 9.5-க்கு உயர்த்துவார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

முதல் வேலை, பழையதை உரிப்பது. முதுகு, மேற்கை, மார்பு என்று எல்லா இடத்தையும் தடவிப் பாருங்கள். உரித்ததிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகளுக்கு எட்டாத குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

அடுத்து இடம். முதுகே நல்லது, அங்கே ஒட்டினால் நோயாளி தானாகப் பிய்த்தெறிய முடியாது. ஒட்டிய அதே இடத்தில் 14 நாளைக்கு மறுபடி ஒட்டாதீர்கள். தோல் சுத்தமாக, ஈரமின்றி இருக்கட்டும். எண்ணெய், பவுடர் தடவிய உடம்பில் பேட்ச் நிற்காது.

உறையைப் பிரித்ததும் பால்பாயிண்ட் பேனாவால் பேட்சின் மேல் தேதியை எழுதுங்கள். வெட்டிப் பாதியாக்க வேண்டாம். பாதுகாப்புத் தாளின் ஒரு பாதியை உரித்து ஒட்டி, மறுபாதியையும் உரித்து, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள். ஓரங்கள் படிந்திருக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

குளிக்கலாம். வெந்நீர்ப் பையும் கடும் வெயிலும் அதன் மேல் படக்கூடாது. இடையில் விழுந்துவிட்டால் புதியதை ஒட்டி, மறுநாள் வழக்கமான நேரத்திலேயே மாற்றுங்கள். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடராமல் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, எடை குறைதல், மயக்கம், பேட்சைத் தாண்டிப் பரவும் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே பேசுங்கள்.

எங்கள் பீரோக் கதவில் இப்போது ஒரு தாள் தொங்குகிறது. ‘உரித்தது’, ‘ஒட்டியது’ என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் கையெழுத்திடாமல் தங்கையும் நானும் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை.