ஆரம்பகால ஆங்கிலக் குடியேறிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக் கட்டுரையோ, சரித்திரக் கதையோ, அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘மேஃபிளவர்’ கப்பலில்தான் தொடங்குகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. அந்தக் கப்பல் வந்தது 1620இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1607 மே மாதம், வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஜேம்ஸ்டவுன் தொடங்கியிருந்தது. நிலைத்து நின்ற முதல் ஆங்கிலக் குடியிருப்பு அதுதான். அங்கே இறங்கிய 104 பேரும் ஆண்களும் சிறுவர்களுமே. அவர்களை அனுப்பியது, முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டிய லண்டன் வர்ஜீனியா கம்பெனி. தங்கம் தேட வேண்டும், கிழக்கு நாடுகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், போட்ட பணம் லாபத்தோடு திரும்ப வேண்டும்: இதுதான் எதிர்பார்ப்பு. மேஃபிளவரில் வந்த 102 பயணிகளில்கூட மதத்துக்காக வந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். ஆகவே ‘மத சுதந்திரம் தேடி வந்தவர்கள்’ என்று எல்லாரையும் ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது தவறு, ‘வந்தார்கள், நிலம் பிடித்தார்கள், சுதந்திரமாக வாழ்ந்தார்கள்’ என்ற சித்திரம். வர்ஜீனியாவுக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒப்பந்த வேலையாட்கள். கப்பல் கட்டணத்தை வேறொருவர் கட்டுவார். அதற்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். ஒப்பந்தத்தை எசமானர் இன்னொருவருக்கு விற்கலாம். 1618இல் வந்த ஏற்பாட்டின்படி, ஓர் ஆளின் பயணச் செலவை ஏற்றவருக்கு 50 ஏக்கர் நிலம் கிடைத்தது. ஆளைக் கொண்டுவந்தவருக்குத்தான் நிலம், வந்த ஆளுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ரிச்சர்ட் ஃப்ரெத்தார்ன் என்ற இளைஞர் 1623இல் தன் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. ஜேம்ஸ்டவுனுக்கு அருகே மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் என்ற தோட்டக் குடியிருப்பில் ஒப்பந்த வேலையாளாக இருந்தவர் அவர். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து பட்டாணியும் தண்ணீர்க் கூழும்தான் சாப்பாடு என்கிறார். மான் இறைச்சியைக் கண்ணாலும் பார்க்கவில்லை. பறவைகள் இருக்கின்றன, ஆனால் வேட்டைக்குப் போக விடுவதில்லை. விடியலிலிருந்து இருட்டும்வரை வேலை. அவருடைய மேலங்கியை உடனிருந்த வேலையாட்களில் ஒருவரே திருடி விற்றுவிட்டார். ஒப்பந்தப் பணத்தைக் கட்டி என்னை மீட்டுவிடுங்கள், அது முடியாவிட்டால் பாலாடைக்கட்டி போன்ற தின்பண்டமாவது அனுப்புங்கள், விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிறார். மறு ஆண்டு எடுத்த பட்டியலில் அவர் பெயர் இறந்தவர்களோடு இருக்கிறது. குடியேறியின் ஒரு நாளை எழுத நினைப்பவர்கள் ஜேம்ஸ்டவுன் தலைவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித்தின் சாகசங்களை ஒதுக்கிவைத்து இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்பேன்.

அந்த வேலையின் பெரும்பகுதி புகையிலை. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்ற குடியேறி அதைப் பயிரிட்டு வெற்றி கண்ட பிறகு வர்ஜீனியாவே அதன் பின்னால் ஓடியது. நாற்றுவிட்டு, பிடுங்கி நட்டு, நுனி கிள்ளி, பக்கச் சிம்பு ஒடித்து, இலை இலையாகப் புழு எடுத்து, அறுத்து உலர்த்த வேண்டும். ஆண்டு முழுக்கக் கை ஓயாது. பணத்துக்குப் பதிலாகவே புகையிலை புழங்கியது. ‘விவசாயிகள்’ என்று பொதுவாக எழுதும்போது இதெல்லாம் மறைந்துபோகிறது.

அப்புறம், பஞ்சத்துக்குச் சோம்பேறித்தனமே காரணம் என்று சொல்வது. உடலுழைப்புக்குப் பழகாத கனவான்கள் முதல் குழுவில் நிறைய இருந்தது உண்மைதான். ஆனால் கதை அவ்வளவு எளிதல்ல. அங்கே பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்ததில், 1606 முதல் 1612 வரையான ஏழு ஆண்டுகள் அந்தப் பகுதி 770 ஆண்டுகளில் கண்ட மிக மோசமான வறட்சி என்று தெரிந்தது. கப்பலைக் கரையோரமாகக் கட்டலாம், ஸ்பானியர் வந்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்று தேர்ந்தெடுத்த இடமோ சதுப்பு நிலம். ஆற்று நீர் ஓதத்தின்போது உப்புக் கரித்தது, வடியும்போது சேறும் அழுக்குமாக இருந்தது. முதல் குளிர்காலத்தில் மிஞ்சியவர்கள் 38 பேர்தான். 1609–10 குளிர்காலத்தில் கோட்டையைப் பழங்குடியினர் முற்றுகையிட்டிருந்தார்கள். சில நூறு பேரில் 60 பேர் அளவில் பிழைத்தார்கள். குதிரை, நாய், எலி எல்லாம் தின்றார்கள். இறந்த மனிதரையும் தின்றார்கள் என்பதற்கு 2012இல் தோண்டியெடுத்த 14 வயதுச் சிறுமியின் எலும்புகளில் இருந்த வெட்டுத்தடங்கள் சாட்சி.

அந்த வறட்சி பூர்வகுடிகளையும் விட்டுவைக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஏறக்குறைய 30 குழுக்கள் பவ்ஹாட்டன் என்ற தலைவரின் ஆட்சிக்குள் இருந்தன. அது ஆளில்லாத காடு அல்ல. ஊரும் வயலும் அரசும் உள்ள நாடு. பூர்வகுடிகளுக்கே மக்காச்சோளம் போதாத ஆண்டுகளில், ஆங்கிலேயர் முதலில் பண்டமாற்றாகக் கேட்டார்கள், பிறகு ஆயுதத்தைக் காட்டிப் பிடுங்கினார்கள். இதைச் சொல்லாமல் ‘செவ்விந்தியர் தாக்கினார்கள்’ என்று எழுதுவது நியாயமே இல்லை. போகஹான்டஸ் என்ற அந்தத் தலைவரின் மகளுக்கு ஸ்மித்தோடு காதல் என்று எழுதுவதும் அப்படித்தான். 1607இல் அவளுக்கு 11 வயது இருக்கலாம். 1613இல் ஆங்கிலேயர் அவளைக் கடத்திச் சிறைவைத்தார்கள். 1614இல் ரால்ஃபை மணந்தாள். 1617இல் இங்கிலாந்தில் இறந்தாள்.

1619இல் வந்த ஆப்பிரிக்கர்களை ஆங்கிலேய வேலையாட்களோடு சேர்த்து ‘கூலிகள்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அங்கோலாவிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர்களை நடுக்கடலில் ஒரு கொள்ளைக் கப்பல் பறித்துக்கொண்டு வந்து, உணவுப் பொருளுக்கு மாற்றியது. 20 பேருக்குச் சற்றுக் கூடுதலான அவர்களில் யாரும் எந்த ஒப்பந்தத்துக்கும் சம்மதித்து வந்தவர்கள் அல்ல.

படம் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முழு மரக்கட்டைகளை அடுக்கிய வீட்டை வரையாதீர்கள். அந்தக் கட்டுமானம் 1638க்குப் பிறகு டெலவேர் பகுதியில் குடியேறிய ஸ்வீடன், ஃபின்லாந்துக்காரர்களோடு வந்தது. ஜேம்ஸ்டவுன்காரர்கள் மண்ணில் கம்பம் நட்டு, சட்டமடித்து, களிமண் பூசி, கூரை வேய்ந்தார்கள்.

கடைசியாகத் தேதிகள். இங்கிலாந்தில் அப்போது புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். அவர்கள் நாட்காட்டி இன்றையதைவிட பத்து நாள் பின்தங்கியிருந்தது. குடியேறிகளில் 347 பேர் கொல்லப்பட்ட தாக்குதல் நடந்தது 1622 மார்ச் 22 என்று இன்று எழுதுகிறோம். அக்காலப் பதிவுகளில் அதுவே 1621 என்று இருக்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதி எதையாவது பழைய ஆவணத்திலிருந்து எடுத்தால், ஆண்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.