மார்ட்டினி ஹென்றி வாங்கப் போறீங்களா, முதல்ல வலது பக்கத்தைப் பாருங்க

ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டு சுடுற பழைய மிலிட்டரி ரைஃபிள் சேக்கணும்னு ஆசைப்படுறவங்க பாதிப் பேரு வந்து நிக்கிற இடம் மார்ட்டினி ஹென்றி தான். 1871ல பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்ட துப்பாக்கி, கீழ இருக்குற லீவரை இறக்குனா உள்ள பிளாக் சரிஞ்சு தோட்டா உக்காருற சேம்பர் தெறக்கும், தோட்டாவைப் போட்டு லீவரை ஏத்துனா சுட ரெடி, அவ்ளோதான். தென்னாப்பிரிக்காவுல நடந்த 1879 ஜூலு போர், அதுல ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் சண்டைனு பேரு வாங்கிட்டதால விலையும் கூடவே ஏறிப்போச்சு, அதனாலதான் டூப்ளிகேட்டும் நிறைய.

கையில எடுத்ததும் லீவரை இறக்கி சேம்பர் காலியானு பாத்துட்டு, அப்புறம் லீவரும் பிளாக்கும் இருக்குற இரும்புப் பகுதி, அதாவது ஆக்‌ஷனோட வலது பக்கத்தைத் திருப்புங்க. மேல கிரீடம், அதுக்குக் கீழ விக்டோரியா ராணியைக் குறிக்கிற வி.ஆர். எழுத்து, அப்புறம் என்ஃபீல்டுனு அரசு தொழிற்சாலை பேரோ வேற கம்பெனி பேரோ, வருஷம், மார்க் நம்பர் (எத்தனாவது மாடல்னு). போன் டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சா தேஞ்ச எழுத்து கூட எழும்பித் தெரியும். ராணி 1901 ஜனவரியில செத்துட்டாங்க, ஆனா வி.ஆர். போட்டு 1903னு வருஷம் அடிச்ச துப்பாக்கியெல்லாம் சந்தைக்கு வருது, அது பாகிஸ்தான்-ஆப்கன் எல்லையில இருக்குற கைபர் கணவாய் பக்கம் பட்டறையில கையால அடிச்ச நகல். முதல் தடவை நான் ஏமாந்ததும் அதுல தான். ஒரு கன் ஷோல கார்பைன் (குட்டை ரைஃபிள்) ஒண்ணு, ஆப்கன் போர்ல இருந்து வந்ததுனு வித்தவரு கதை சொன்னாரு, நானும் கதையைக் கேட்டேனே தவிர எழுத்தைப் பாக்கல, வீட்டுக்கு வந்து பாத்தா என்ஃபீல்டுங்கிற பேர்ல 'என்' எழுத்து கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பி நிக்குது! சுவத்துல மாட்ட நல்லாருக்கு, ஆனா என்ன இரும்புனே தெரியாததால அதுல சுடுற எண்ணமே வேண்டாம்.

பேரலுக்குள்ள வெளிச்சம் விட்டு எண்ணிப் பாருங்க, ஹென்றி ரைஃபிளிங்னா, அதாவது தோட்டாவைச் சுழல வைக்க உள்ள வெட்டுற வரி, 7 பள்ளம் இருக்கணும். ஸ்க்ரூ தலையெல்லாம் பிஞ்சிருந்தா யாரோ தெரியாதவங்க கழட்டிருக்காங்கனு அர்த்தம். க்ளீனிங் ராட் இல்லனா பெரிய குத்தம் இல்ல, ஆனா விலையைக் குறைக்க அதைச் சொல்லலாம்.

விலை விஷயத்துக்கு வருவோம். மார்க் 1 துப்பாக்கிகள்ல நிறைய பின்னாடி மார்க் 2வா மாத்திட்டாங்க, அதனால மாத்தாத மார்க் 1 கிடைச்சா அது தனி ரேட். 2003 வாக்குல நேபாள அரசோட பழைய ஆயுதக் கிடங்கு மொத்தமா வித்து அமெரிக்காவுக்கு வந்துச்சு, அதுல இருந்து வந்த மார்க் 2, மார்க் 4 நிறைய புழக்கத்துல இருக்கு, கிரீஸும் அழுக்கும் அப்பி, சிலதுல தேவநாகரி எழுத்தோட, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் இதைத் தான் சொல்வேன். 24வது ரெஜிமெண்ட் முத்திரைனு யாராவது காட்டுனா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. ஜூலு போர்ல அடிபட்ட படை அதுங்கிறதால பின்னாடி அடிச்ச போலி முத்திரை ரொம்ப சகஜம்.

பளபளன்னு மின்னுறதை வாங்காதீங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சவன் துருவோட சேத்து முத்திரையோட ஓரத்தையும் தேச்சுட்டிருப்பான், அந்த பழுப்பு நிறம் வர நூறு வருஷம் ஆச்சு, பாதி விலையே அதுல தான் இருக்கு. விக்கிறவன் கேக்குற விலையை நம்பாம ஏலத்துல நிஜமா போன விலையைப் பாருங்க, அதுக்கு மேல ஏல கமிஷன் 20 சதவீதம் வரைக்கும், சில இடத்துல அதுக்கு மேலயும் வரும்.

சுடுறதா இருந்தா துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித் கிட்ட காட்டிட்டு, கரிமருந்து (பிளாக் பவுடர்) தோட்டா மட்டும் தான். இதுக்கான 577/450 தோட்டா கடையில சும்மா கிடைக்காது, 24 கேஜ் பித்தளை ஷாட்கன் கேஸை (தோட்டாக் கூட்டை) அமுக்கி செய்றவங்க தான் அதிகம்.

சட்டம்: அமெரிக்காவுல 1898ம் அதுக்கு முன்னாடியும் செஞ்சது மத்திய சட்டப்படி ஆன்டிக், ஆனா ஸ்டேட் சட்டத்தை தனியா பாத்துக்கோங்க. கைபர் நகல் எப்ப செஞ்சதுன்னே நிரூபிக்க முடியாது, அங்கயும் தகராறு தான். ஊர்ல தாத்தா காலத்து துப்பாக்கி பரண்ல கிடக்குதுனு சொல்றவங்களுக்கு, இந்தியாவோட 1959 ஆயுதச் சட்டம் 45வது பிரிவுல பழம்பொருளுக்கு விலக்கு இருக்கு, ஆனா ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாத நிலையில இருக்கணும். சுடுற நிலையில இருந்தா லைசென்ஸ் இல்லாம தொடாதீங்க, எனக்கு போட்டோவும் அனுப்பாதீங்க.