உரம் போட்டும் செம்பருத்தி பூக்கவில்லையா?

1960இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செடி செம்பருத்தி. கோலாலம்பூரின் வெயிலும் மழையும் அதற்கு நன்றாகவே ஒத்துப்போகும். அப்படியிருந்தும், சாமிக்கு நாலு பூ கிடைக்குமே என்று வாசலில் வைத்த செடி வெறும் இலையாகவே நிற்பதை நம் தாமான் குடியிருப்புகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது உரத்தை. கடையில் பூப்படம் போட்ட பொட்டலத்தைப் பார்த்ததும் எடுத்துவிடுகிறோம். அதில் 10-30-20 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும்: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்). செம்பருத்திக்கு நடு எண் பெரிதாக இருக்கவே கூடாது. நம் ஊர் சாயங்கால மழை தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். மணிச்சத்து மட்டும் தொட்டி மண்ணிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். அது மிஞ்சினால் வேர் இரும்புச்சத்தை எடுக்கத் திணறும். இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். சத்து போதவில்லை என்று நினைத்து அதே உரத்தை இன்னொரு கரண்டி போடுவார்கள், பாவம் அந்தச் செடி! கோழி எருவிலும் மணிச்சத்து அதிகம். அதையும் அளவோடு போடுங்கள். ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டதா? உரத்தை நிறுத்திவிடுங்கள். அப்புறம் நடு எண் சிறிதாகவும் கடைசி எண் பெரிதாகவும் இருக்கும் உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்.

அடுத்தது, கத்தரிக்கப் பயப்படுவது. செம்பருத்தி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்ட செடி உயரமாகப் போய், எட்டாத உச்சியில் ஒன்றிரண்டு பூவோடு நின்றுவிடும். ஆனால் மொத்தத்தையும் ஒரேயடியாக மொட்டையடித்தால் இரண்டு மூன்று மாதம் பூவே இருக்காது. இந்த மாதம் சில கிளை, அடுத்த மாதம் சில கிளை என்று மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், பூஜைக்கும் பூ தட்டாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஏர்கோன் வெளிப்பெட்டியின் அனல்காற்று படும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். மொட்டு காய்ந்து உதிரும். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழாத பால்கனி என்றால், வேறு செடி வாங்குவதே நல்லது.

எறும்பு ஏறுவதைச் சாதாரணமாக விடாதீர்கள். மொட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள், பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருக்கும். அதுதான் மாவுப்பூச்சி. அது சுரக்கும் இனிப்புக்காகவே எறும்பு அதைக் காவல் காக்கிறது. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வெயில் தாழ்ந்தபின் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, தண்ணீர் தேங்க விடுவது செடிக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. வேர் அழுகும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் சுகாதார அதிகாரிகள் அபராதமும் போடுவார்கள். தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.