நின்றுபோன நஷ்டஈட்டுத் தவணை: என் அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வரப்புத் தகராறில் தம்பி கை நீட்டிவிட்டான். முதல் வழக்கு என்பதால் கோர்ட் 1958 குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவில் ஒழுங்காக நடப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, ஜெயிலுக்கு அனுப்பாமல் அவனை வெளியே விட்டது. அடிபட்டவருக்கு 5-ஆம் பிரிவில் நஷ்டஈடு, தவணையாக; அதைக் கட்டுவதும் பத்திர நிபந்தனை. மாட்டுக்குத் தோல்கழலை நோய் வந்தது. பால் காசோடு தவணையும் நின்றது.

சம்மன் வந்தது. பத்திர நிபந்தனையை மீறினால் 9-ஆம் பிரிவுப்படி பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். பாக்கியை அபராதம் போல வசூலிக்கவும் வழி உண்டு.

“ஒளிஞ்சா தீராதுடா” என்று அவனை ப்ரொபேஷன் ஆபீசரிடம் (இப்படிப் பத்திரத்தில் விடப்பட்டவர்களைக் கண்காணிக்கும் அதிகாரி) இழுத்துப் போனேன். பால் சொசைட்டி புத்தகத்தையும் கால்நடை ஆஸ்பத்திரிச் சீட்டையும் புரட்டிப் பார்த்தார். 8-ஆம் பிரிவில் நிபந்தனையை மாற்றக் கேட்டு அவரே மனு போட்டார் (அந்த மனு அவர் வழியாகத்தான் போக வேண்டும், வக்கீல்கூட இதை முதலில் சொல்லவில்லை!). தவணை குறைந்தது.

இப்போது கோர்ட்டில் கட்டி ரசீது வாங்குகிறோம். ஆள் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் யார் சாட்சி தேடுவது?