மலை இறங்குகிற பிக்கப்புக்கு டயர் வாங்கும் முன்

கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்குகிற வண்டிக்கு விலையை மட்டும் கேட்டுவிட்டு டயர் வாங்காதீர்கள். முதலில் பக்கச்சுவரைப் படியுங்கள். சைஸுக்குப் பக்கத்தில் 104/102 மாதிரி இரண்டு எண் இருக்கும், பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர்தான் என்றால் முதல் எண்தான் நமக்குக் கணக்கு. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். கம்பெனி போட்டுக் கொடுத்த எண்ணைவிடக் குறைந்ததைக் கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்ணே" என்று நீட்டினால், வேண்டாம்.

அப்புறம் தேதி. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான் இதைப் பார்க்காமல் ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, மாட்டி, வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் கவனித்தேன், பட்டன், அதாவது தரையைத் தொடும் பள்ளம் வெட்டிய பகுதி, புத்தம் புதுசு, ஆனால் பக்கச்சுவரை விரலால் அழுத்தினால் முடி மாதிரி விரிசல். நாலு வருஷச் சரக்கு!

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை தேயலாம் என்பது சட்டம். ஐப்பசி மழையில் குன்னூர் வளைவுகளில் அதை நம்ப மாட்டேன், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். மாற்றினால் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முன்னால் ரீட்ரேடு, அதாவது பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டியது, போடவே போடாதீர்கள். ஸ்டெப்னியையும் ஒரு தடவை பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

காற்றைக் காலையில், வண்டி நகரும் முன் பிடியுங்கள்; மலையடிவாரத்துக் கல்லாறு வந்து சேரும்போது டயர் சூடேறி மீட்டர் கூடுதலாகத்தான் காட்டும், அங்கே காற்றை இறக்கிவிடாதீர்கள்.